தேள் கடுப்பு முதல் விழுக்காடு வரை: பீரின் ஆக்கமும் அதன் வலிமையை அளக்கும் முறையும்

முன்னுரை

சில ஆண்டுகளுக்கு முன்னர், அறிவியல் கட்டுரைகளைத் தமிழாக்கும் பயிற்சிப் பட்டறை ஒன்றில் நாம் பங்கேற்றோம். மாணவர் ஒருவருக்கு நொதித்தல் பற்றிய ஆங்கிலக் கட்டுரை கொடுக்கப்பட்டிருந்தது. அதில் பலமுறை வந்த 'ஒரிஜினல் கிராவிட்டி' என்னும் தொடரை அவர் 'மூல ஈர்ப்பு விசை' என்று பெயர்த்திருந்தார். அவையில் சிரிப்பெழுந்தது, நாமும் சிரித்தோம். ஆயினும், "அப்படியானால் சரியான பொருள் என்ன ஐயா?" என்று அம்மாணவர் வினவியபோது, சிரித்தவர்களுள் ஒருவராலும் விடை கூற இயலவில்லை. சொல்லை அறிந்திருந்தோம், அச்சொல் சுட்டும் பொருளை அறிந்திருக்கவில்லை. அன்று கூறாது விட்ட விடையே இவ்வுரை.

மதுவைப் பரிந்துரைப்பது இவ்வுரையின் நோக்கமன்று. ஒரு குப்பியின் மேல் அச்சிடப்பட்டிருக்கும் எண் எவ்வாறு பிறந்தது, அது எதனைச் சொல்கிறது, எதனைச் சொல்லாமல் விடுகிறது என்பவற்றை அறிவதே நோக்கம். குடிப்பவர்க்கும் குடிக்காதவர்க்கும் இவ்வறிவு வேண்டும். அதன் காரணத்தை இவ்வுரையின் பிற்பகுதியில் காண்போம்.

பழஞ்சொற்கள் காட்டும் செய்முறை

தமிழின் பழைய மதுப்பெயர்களுள் சில, செய்முறையிலிருந்தே பிறந்தவை. பிழிந்து எடுக்கப்படுவது 'பிழி'. அரித்து எடுக்கப்படுவது 'அரியல்'. தேறி, அதாவது தெளிந்து, நிற்பது 'தேறல்'. பெரும்பாணாற்றுப்படை அரிசியினின்று மது ஆக்கும் முறையைப் படிப்படியாகக் கூறுகிறது. அரிசியைக் களியாகத் துழாவுதல், வாயகன்ற பாத்திரத்தில் ஆறவைத்தல், 'நல்லடை' எனப்படும் பொருளைக் கலத்தல், இரண்டு பகலும் இரண்டு இரவும் கழியவிடுதல், சாடியில் பச்சை நாற்றம் நீங்க முதிரவிடுதல் என்பன அப்படிகள். தானியத்தைச் சமைத்து, ஆற்றி, நொதிக்கச் செய்யும் பொருளைச் சேர்த்து, காத்திருந்து வடிப்பதே இன்றைய பீர் ஆலையிலும் நிகழ்வது. களியை முதலில் ஆறவைத்தது ஏன் என்பதையும் இன்றைய அறிவியல் விளக்கும். சூடான களியில் இட்டால் நொதிக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மடிந்துவிடும்.

செய்முறையை இத்துணை நுட்பமாகச் சொன்ன பழம்பாடல்கள், மதுவின் வலிமையைச் சொல்ல உவமையை நாடின. தேள் கொட்டினாற்போன்ற கடுப்பு என்றும், பாம்பு சினந்தாற்போன்ற வேகம் என்றும் புலவர்கள் கூறினர். குடித்தவன் உற்ற விளைவைக் கொண்டே வலிமை உணரப்பட்டது. குடிப்பதற்கு முன்பே வலிமையை அறியும் வழி பிற்காலத்தில்தான் கிட்டியது. அவ்வழியை அறிய, முதலில் பீர் உருவாகும் முறையைச் சற்று நெருங்கி நோக்குவோம்.

தானியம் சாறாதல்

பீரின் முதன்மை மூலப்பொருள் வாற்கோதுமை, அதாவது பார்லி. அதன் மணிக்குள் இருப்பது மாவுச்சத்து. நொதிக்கச் செய்யும் ஈஸ்ட் மாவுச்சத்தை உண்ணாது, சர்க்கரையையே உண்ணும். ஆகவே மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுவது முதற்பணி. இப்பணியைத் தானியமே செய்துகொள்ளும். விதை முளைவிடும்போது, வளரும் முளைக்கு உணவாகத் தன் மாவுச்சத்தைச் சிதைப்பதற்குரிய நொதிகளை அது தனக்குள் உண்டாக்கிக்கொள்கிறது. முளைகட்டிய கேழ்வரகில் கூழ் காய்ச்சியவர்கள், அது இளகி, சற்று இனிப்பதை அறிவர்.

பார்லியை நீரில் ஊறவைத்து, சில நாள்கள் முளைக்கவிட்டு, பின்னர் வெப்பக் காற்றால் உலர்த்துவர். முளை வளர்வது நின்றுவிடும். நொதிகள் அழியாமல் எஞ்சும். இவ்வாறு முளைவிட்டு உலர்ந்த தானியமே 'மால்ட்'. உலர்த்தும் வெப்பம் மிகுந்தால் மால்ட் கறுக்கும். பீரின் நிறம் இங்கேதான் பெரிதும் தீர்மானமாகிறது. கருநிறப் பீர் கடுமையானது என்று பலர் எண்ணுவர். நிறம் மால்ட்டை வறுத்த அளவையே காட்டும், வலிமையைக் காட்டாது.

மால்ட்டை நொறுக்கி வெந்நீரில் கலந்து, பெரும்பாலும் 62 முதல் 72 பாகை செல்சியசு வரையிலான வெப்பத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வைப்பர். நொதிகள் மீண்டும் தொழிற்பட்டு மாவுச்சத்தைச் சர்க்கரைகளாக உடைக்கும். இவ்வெப்ப எல்லையின் கீழ்ப்பகுதியில் வைத்தால் ஈஸ்ட் உண்ணத்தக்க சர்க்கரை மிகும். மேற்பகுதியில் வைத்தால் ஈஸ்ட்டால் உண்ணமுடியாத பெரிய மூலக்கூறுகள் மிகுந்து எஞ்சும். ஒரே தானியம், ஒரே அளவு நீர். சில பாகை வெப்ப வேறுபாட்டால் பீரின் வலிமையே வேறுபடும்.

பின்னர்ச் சாற்றை வடித்து, ஹாப்ஸ் என்னும் கொடியின் பூக்களை இட்டுக் கொதிக்கவைப்பர். பீரின் கசப்பும் மணமும் ஹாப்ஸ் தருபவை. கெடுக்கும் நுண்ணுயிர்கள் சிலவற்றை அடக்குவதும் அதுவே. கொதித்த சாற்றைக் குளிரவைத்து ஈஸ்ட்டைச் சேர்ப்பர்.

தோன்றா எழுவாய்

பவேரிய நாட்டில் 1516ஆம் ஆண்டு பிறப்பிக்கப்பட்ட புகழ்பெற்ற ஆணை, பீர் ஆக்கப் பார்லி, ஹாப்ஸ், நீர் ஆகிய மூன்றை மட்டுமே பயன்படுத்துமாறு விதித்தது. சாற்றைப் பீராக்கும் ஈஸ்ட்டின் பெயர் அதில் இல்லை. வினை நிகழ்ந்துகொண்டிருந்தது, வினைமுதல் யாரென எவரும் அறியவில்லை. இலக்கணத்தில் நாம் தோன்றா எழுவாய் என்று கூறுவதனை ஒத்தது இந்நிலை.

அவ்வெழுவாய் வெளிப்பட நெடுங்காலம் ஆயிற்று. நொதித்தல் உயிருள்ள நுண்ணுயிர்களின் செயல் என்பதை லூயி பாஸ்டர் நிறுவினார். பீர் பற்றிய அவருடைய ஆய்வு நூல் 1876இல் வெளிவந்தது. கோப்பன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய எமில் கிறிஸ்டியன் ஹான்சன் 1883இல் ஒரே உயிரணுவிலிருந்து தூய ஈஸ்ட்டை வளர்த்துக் காட்டினார். அதன்பின் ஒவ்வொரு முறையும் ஒரே வகைப் பீரை ஆக்குதல் எளிதாயிற்று.

ஈஸ்ட் செய்வது ஒரு மாற்றம். 180 கிராம் குளுக்கோஸ், கணக்கின்படி, 92 கிராம் எத்தனால் ஆகவும் 88 கிராம் கரியமில வாயுவாகவும் பிரியும். எத்தனாலே நாம் பொதுவாக ஆல்கஹால் என்பது. சர்க்கரையின் எடையில் ஏறக்குறையப் பாதி, வாயுவாகிப் பறந்துவிடுகிறது. இச்செய்தியை நினைவிற் கொள்க. வலிமையை அளக்கும் முறை முழுவதும் இதன்மேல் நிற்கிறது.

இழந்ததை அளத்தல்

பீரில் ஆல்கஹால், நீர், எஞ்சிய சர்க்கரை, பிற கரைபொருள்கள் யாவும் கலந்திருக்கும். ஆல்கஹாலை மட்டும் கண்ணால் பிரித்துக் காண இயலாது. ஆதலால் ஆலையில் அதனை நேரே அளப்பதற்கு மாற்றாக, நீர்மத்தின் அடர்த்தியை இருமுறை அளந்தனர்.

இதற்குரிய கருவி திரவமானி. பால்மானியைக் கண்டவர்க்கு இதுவும் புதிதன்று. அடியில் கனம் வைத்த கண்ணாடிக் குழாய் நீர்மத்தில் மிதக்கும். நீர்மம் அடர்ந்திருந்தால் குழாய் உயர்ந்து நிற்கும். அடர்த்தி குறைந்தால் அமிழும். நீரின் அடர்த்தியை 1.000 எனக் கொண்டு, அதனோடு ஒப்பிட்டுப் பெறும் எண்ணே ஒப்படர்த்தி. இங்கிலாந்தின் ஹல் நகரைச் சேர்ந்த ஜான் ரிச்சர்ட்சன் 1784இல் வெளியிட்ட நூல், இக்கருவியைப் பீர் ஆலைகளில் பயன்படுத்தும் முறையைப் பரப்பியது.

இங்கு அம்மாணவரின் வினாவுக்கு விடை கிடைக்கிறது. 'கிராவிட்டி' என்பது கனமானது என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லின் வழிவந்தது. பீர் ஆலையில் அச்சொல் தன் வேர்ப்பொருளிலேயே, கனம் என்ற பொருளில், வழங்குகிறது. 'ஒரிஜினல் கிராவிட்டி' என்பது ஈஸ்ட் சேர்ப்பதற்கு முன் சாற்றுக்கு இருந்த ஒப்படர்த்தி. அதனைத் 'தொடக்க ஒப்படர்த்தி' என்போம். நொதித்தல் முடிந்தபின் இருப்பது 'இறுதி ஒப்படர்த்தி'.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். சாற்றின் தொடக்க ஒப்படர்த்தி 1.048; நொதித்தபின் 1.010. வேறுபாடு 0.038. இதனை ஏறத்தாழ 131 என்னும் எண்ணால் பெருக்கினால் 4.98 கிடைக்கும். அப்பீர் கன அளவில் ஏறத்தாழ 5 விழுக்காடு ஆல்கஹால் உடையது என்பது இதன் பொருள். பெருக்கும் எண் தோராயமானது. வழக்கமான வலிமையுள்ள பீர்களுக்குப் போதுமானது.

அடர்த்தி குறைவதற்குக் காரணங்கள் இரண்டு. சர்க்கரையின் ஒரு பகுதி வாயுவாகி வெளியேறியது ஒன்று. எஞ்சிய பகுதி நீரைவிட இலேசான ஆல்கஹாலாக மாறியது மற்றொன்று. ஒரு மில்லிலிட்டர் எத்தனாலின் எடை 0.789 கிராம் மட்டுமே. இவ்விரண்டாம் காரணத்தால் திரவமானி நம்மைச் சற்று ஏமாற்றவும் செய்கிறது. மேற்கண்ட கணக்கில் 48இல் 38 குறைந்ததால், கரைந்திருந்த பொருளில் 79 விழுக்காடு தீர்ந்தது போலத் தோன்றும். உண்மையில் தீர்ந்தது ஏறத்தாழ 64 விழுக்காடே. ஆல்கஹாலின் இலேசு, எஞ்சிய சர்க்கரையின் கனத்தை மறைத்துவிடுகிறது. ஆகவே இத்துறையினர் 'தோற்ற அளவு', 'உண்மை அளவு' என இரண்டைப் பிரித்தே பேசுவர்.

இறுதி அளவை மட்டும் கொண்டு வலிமையைக் கூறவும் இயலாது. இரண்டு பீர்களும் 1.010 காட்டலாம். ஒன்று 1.040இல் தொடங்கியிருந்தால் அதன் வலிமை ஏறத்தாழ 3.9 விழுக்காடு, மற்றொன்று 1.060இல் தொடங்கியிருந்தால் ஏறத்தாழ 6.6 விழுக்காடு. எங்கே முடிந்தது என்பதோடு எங்கே தொடங்கியது என்பதும் தெரிந்தால்தான் நடந்தது புலப்படும்.

வெப்பநிலையும் கருதத்தக்கது. இன்றைய திரவமானிகள் பல 20 பாகை செல்சியசுக்கு ஏற்ப அளவு குறிக்கப்பட்டவை. நம் வட்டாரத்தின் 30 பாகை அறை வெப்பத்தில் நீர்மம் விரிவதால் காட்டும் எண் ஏறத்தாழ 0.0025 குறையும். ஓர் அளவை 30 பாகையிலும் மற்றதை 20 பாகையிலும் எடுத்துத் திருத்தாமல் விட்டால், விடையில் 0.3 விழுக்காடு பிழை நேரும். ஆய்வுக்கூடங்கள் ஐயமற அறிய வேண்டுமாயின், குறிப்பிட்ட அளவு பீரைக் காய்ச்சி வடித்து, வடிநீரோடு தூய நீர் சேர்த்து முன்னைய கன அளவுக்குக் கொண்டுவந்து, அதன் அடர்த்தியை அளக்கும். சர்க்கரை பாத்திரத்திலேயே தங்கிவிடுவதால், அங்கு நீரும் ஆல்கஹாலும் மட்டுமே அளவில் பங்குபெறும்.

ஓர் எண், பல பொருள்

இனி நம் துறைக்கு நெருங்கிய பகுதிக்கு வருவோம். ஒரே எண் பல நாடுகளில் பல பொருளைத் தந்திருக்கிறது.

செக் நாட்டில் பீரை 'பத்து', 'பன்னிரண்டு' என்று எண்ணால் அழைப்பது வழக்கம். பன்னிரண்டு பாகை என்பதைக் காணும் புதியவர் 12 விழுக்காடு ஆல்கஹால் என்று அஞ்சக்கூடும். அவ்வெண் ஆல்கஹாலைக் குறிப்பதன்று. நொதிப்பதற்கு முன் 100 கிராம் சாற்றில் கரைந்திருந்த பொருள் 12 கிராம் என்பதைக் குறிப்பது. பிராகா நகர வேதியியல் பேராசிரியர் கார்ல் பாலிங் 1843இல் வகுத்த அளவு முறையின் வழிவந்தது அது. அச்சாறு 1.048 ஒப்படர்த்தி உடையது. அதிலிருந்து வரும் பீர் ஏறத்தாழ 5 விழுக்காடே.

பிரிட்டனும் நெடுங்காலம் தொடக்க அளவையே போற்றியது. 1880 முதல் அங்குப் பீர்வரி சாற்றின் தொடக்க ஒப்படர்த்தியைக் கொண்டு விதிக்கப்பட்டது. 1993இல்தான் முடிவுற்ற பீரின் ஆல்கஹால் அளவுக்கு மாறியது. முன்னது மூலப்பொருளின் மீதான வரி. பின்னது விளைவின் மீதான வரி.

கடுமதுவுக்கு வழங்கிய 'புரூஃப்' என்னும் அளவு இன்னும் குழப்பமானது. பழைய பிரிட்டிஷ் முறையில் 100 புரூஃப் என்பது ஏறத்தாழ 57 விழுக்காடு. அமெரிக்க முறையில் அதே 100 என்பது 50 விழுக்காடு. ஆகவே 40 விழுக்காடு ஆல்கஹால் உடைய ஒரே மது, பிரிட்டனில் 70 என்றும் அமெரிக்காவில் 80 என்றும் எழுதப்பட்டது. விழுக்காடு என்று சொல்லிவிட்டாலும் ஐயம் தீராது. எடையின் விழுக்காடா, கன அளவின் விழுக்காடா என்று வினவ வேண்டும். 1933இல் அமெரிக்கா மதுவிலக்கைத் தளர்த்தியபோது எடையில் 3.2 விழுக்காடு உடைய பீரை அனுமதித்தது. கன அளவில் அது ஏறத்தாழ 4 விழுக்காடு. சிறிய எண்ணாகத் தோன்றியதெல்லாம் அளவுகோலின் வேறுபாடே.

சொல்லுக்குப் பொருள் சூழலால் அமைகிறது என்று மொழியியல் மாணவர்க்குப் பல ஆண்டுகள் கற்பித்தோம். எண்ணுக்கும் அவ்வாறே என்பதைப் பீர்க் குப்பி நமக்குக் கற்பித்தது.

சிறு குப்பியின் கணக்கு

நாம் வளர்ந்த இரப்பர்த் தோட்டத்தில் கள்ளுக்கடை இருந்தது. பிற்காலத்தில் 'சம்சு' என்னும் மலிவான கடுமது சிறு குப்பிகளில் வந்து சேர்ந்தது. அன்று பெரியவர்கள் குடியைக் குப்பிக் கணக்கில் பேசினர். "ஒரு சின்ன குப்பிதானே" என்பது வீடுதோறும் கேட்ட சமாதானம். கேட்ட பெண்களும் குப்பியின் உயரத்தைப் பார்த்து ஆறுதல் கொண்டதை நாம் கண்டிருக்கிறோம். அவ்வாறுதல் எத்துணைப் பொய்யானது என்பதை எளிய பெருக்கல் காட்டும்.

320 மில்லிலிட்டர் கொண்ட, 5 விழுக்காடு பீர் ஒரு டின்னை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள ஆல்கஹால் 16 மில்லிலிட்டர். எடையில் ஏறத்தாழ 12.6 கிராம். 150 மில்லிலிட்டர் கொண்ட, 40 விழுக்காடு கடுமதுக் குப்பியில் இருப்பது 60 மில்லிலிட்டர். எடையில் ஏறத்தாழ 47 கிராம். பாதி அளவுகூட இல்லாத அச்சிறு குப்பி, ஏறக்குறைய நான்கு டின் பீருக்குச் சமம். குப்பியின் அளவையும் விழுக்காட்டையும் பெருக்காமல் ஒன்றை மட்டும் காண்பவர் ஏமாறுவது உறுதி.

இக்கணக்கு ஆறாம் ஆண்டு மாணவனாலும் செய்யத்தக்கது. ஆயினும் அன்று எம் தோட்டத்தில் அதனைச் செய்து காட்டியவர் ஒருவரும் இல்லை. பள்ளியில் விழுக்காடு கற்றோம்; அதனைக் கடைக் கணக்குக்கும் வட்டிக் கணக்குக்கும் பயன்படுத்தினோம். நம் வீட்டுத் திண்ணையில் கிடந்த குப்பிக்குப் பயன்படுத்தவில்லை.

நிறைவுரை

ஆசிரியர்கள் வகுப்பில் செய்து காட்டத்தக்க எளிய சோதனை ஒன்று உண்டு. அதற்கு மது வேண்டியதில்லை. 88 கிராம் நீரில் 12 கிராம் சர்க்கரை என்னும் விகிதத்தில் கரைசல் ஆக்கி, உயரமான குவளையில் ஊற்றி, திரவமானியை மிதக்கவிடுக. 20 பாகை வெப்பத்தில் அது 1.048ஐ ஒட்டிக் காட்டும். நீரில் அதே கருவி அமிழ்வதையும், சர்க்கரைநீரில் உயர்வதையும் காணும் மாணவர்க்கு ஒப்படர்த்தி என்னும் சொல் மனப்பாடமாக நில்லாது. கண்ட பொருளாக நிற்கும்.

வலிமையைக் கூறும் எந்த எண்ணைக் கண்டாலும் மூன்று வினாக்களை எழுப்பப் பழக்குவோம். இது எதனை அளந்த எண், சர்க்கரையையா ஆல்கஹாலையா? எதன் பங்கு, எடையினதா கன அளவினதா? மொத்தம் எவ்வளவு நீர்மத்திற்கு இது பொருந்தும்? இம்மூன்றிற்கும் விடை தெரிந்தவர், தேள் கொட்டிய பின்னர்க் கடுப்பை அறியும் நிலையில் இரார்.

அப்பட்டறை மாணவரை நாம் மீண்டும் சந்திக்கவில்லை. சந்திப்போமாயின், அவர் தந்த 'மூல ஈர்ப்பு விசை' பிழையே எனினும், அவர் கேட்ட வினா பிழையன்று என்று கூறுவோம். சிரித்தவர்களுள் ஒருவராய் இருந்ததற்கு வருந்துகிறோம் என்பதையும் சேர்த்தே கூறுவோம்.